வேண்டுதலும் இல்லை, சர்க்கரையும் இல்லை: வீட்டுப் பக்கத்திலேயே ஒரு நெடுநடை

மதுரையிலிருந்து சோழவந்தானுக்கு நடந்தே போகப்போவதாக வீட்டில் சொல்லிப் பாருங்கள். "ஏதும் வேண்டுதலா?" என்பார்கள். இல்லை என்றால், "சுகர் டெஸ்ட் எடுத்தியா? டாக்டர் நடக்கச் சொன்னாரா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றால் அதற்கு மேல் கேட்க அவர்களிடம் கேள்வி இருக்காது. நேர்ச்சைக்கு நடப்பது நமக்குத் தெரியும், நோய்க்கு நடப்பதும் தெரியும். சும்மா ஒரு நாள் முழுக்க நடந்து இன்னோர் ஊருக்குப் போவது ஏன் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கிறோம்.

இன்னொரு பக்கம், அட்வெஞ்சர் என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்குகிறது. லடாக்குக்கு பைக்கில் போவது, மணாலியில் பனியில் நிற்பது, ரிசார்ட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டு பள்ளத்தாக்கைக் கடப்பது எல்லாம் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இதனால் ஒரு நஷ்டம் உண்டு. பத்து நாள் லீவு கிடைக்காதவர்களும், அவ்வளவு பணம் செலவழிக்க முடியாதவர்களும் "சாகசமெல்லாம் நமக்கில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவு தப்பு என்பது என் உறுதியான எண்ணம். சாகசம் என்பது எதனால் உண்டாகிறது, அது ஏன் வீட்டு வாசலிலிருந்தே கிடைக்கக்கூடியது, அதற்கு ஏன் நீண்ட தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## நெடுநடை என்று எதைச் சொல்கிறேன்

இந்தக் கட்டுரையில் நெடுநடை என்பது, ஓர் இடத்தில் கிளம்பி வேறோர் இடத்தை, ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் நடந்தே சேர்வது. இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு இல்லை. தினமும் மூன்று கி.மீ. நடப்பவருக்கு 12 கி.மீ. நெடுநடைதான். வயலில் வேலை பார்ப்பவருக்கு 25 கி.மீ. கூடப் போதாமல் இருக்கலாம். வழக்கமாக நடப்பதைப்போல நாலைந்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

வாக்கிங் போவது இதில் சேராது. பூங்காவைச் சுற்றிப் பத்து ரவுண்டு நடந்தால் உடம்புக்கு நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் முதல் ரவுண்டில் பார்த்ததையேதான் பத்தாவது ரவுண்டிலும் பார்க்கிறோம். டிரெக்கிங்கும் வேறு விஷயம். அது காடு, மலை, வனத்துறை அனுமதி, வழிகாட்டி எல்லாம் சேர்ந்தது. நெடுநடைக்குத் தேவை சாதாரண ரோடும் ஆற்றங்கரையும் கண்மாய்க்கரையும்தான்.

பாதயாத்திரைதான் இதற்கு மிக நெருங்கிய சொந்தம். தைப்பூசத்துக்கு குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார், காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடக்கும் குடும்பங்கள், யாழ்ப்பாணத்து செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கடற்கரை வழியாகக் கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடக்கும் அடியார்கள் என்று, தமிழர்களுக்கு நீண்ட நடை புதிதே அல்ல. அறுபது வயதைத் தாண்டிய அம்மாக்கள் வெறுங்காலில் நாளெல்லாம் நடப்பதைத் தை மாதம் எந்தப் பழனி ரோட்டிலும் பார்க்கலாம். "என்னால் இருபது கி.மீ. எல்லாம் முடியாதுப்பா" என்று சொல்லும் முப்பது வயதுக்காரர்கள் ஒருதடவை அந்த ரோட்டோரம் நின்று பார்த்தால் நல்லது.

## சாகசத்தின் அச்சாணி எது

ஒரு கிரிக்கெட் மேட்சை நேரலையில் பார்ப்பதையும், யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்தபிறகு அதையே மறுஒளிபரப்பில் பார்ப்பதையும் நினைத்துப் பாருங்கள். அதே பந்து, அதே ரன், அதே கேட்ச். ஆனால் இரண்டாவது தடவை யாரும் நாற்காலி நுனிக்கு வருவதில்லை. மேட்சில் ஒன்றும் குறையவில்லை; முடிவு தெரியாத நிலை மட்டும் போய்விட்டது.

சாகசத்தின் அச்சாணியும் இதுதான். முடிவு முழுசாகத் தெரியாத ஒரு காரியத்தை, அதில் நமக்கென்று ஏதோ ஒன்றைப் பணயமாக வைத்து, நம் சொந்தத் தெம்பில் செய்வது. பணயம் என்றால் உயிர் என்று அர்த்தமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் கால்வலி, "போய்ச் சேருவேன்" என்று நாம் சொன்ன வார்த்தை, இவ்வளவே போதும். சொந்தத் தெம்பு என்பதும் முக்கியம். வேறொருவர் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்திருந்தால் போய்ச்சேருவோமா என்ற கேள்வி டிரைவருடையது, நம்முடையதல்ல.

இங்கேதான் பெரிய குழப்பம் வருகிறது. முடிவு தெரியாமையும் ஆபத்தும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. மழை வருமா, பாதை ஆற்றோரமாகவே போகுமா, பதினைந்தாவது கிலோமீட்டரில் முழங்கால் ஒத்துழைக்குமா என்பதெல்லாம் தெரியாதவை. ஆனால் எதுவும் உயிர்போகிற விஷயமில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: ஆபத்தை வலியத் தேடிப்போவதால் சாகசம் கூடிவிடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன குழு காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கோடையில் காய்ந்து கிடக்கும் புல்மலை எப்படிப்பட்டது என்று அதற்குப்பிறகுதான் நம்மில் பலருக்குப் புரிந்தது. காட்டுக்குள் போக ஆசைப்படுகிறவர்கள் வனத்துறை அனுமதித்த வழிகளில், அவர்கள் ஏற்பாட்டிலேயே போக வேண்டும். 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளோடு தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அதற்காகவே இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சாகசத்துக்குத் தேவை முடிவு தெரியாத நிலை, சின்னதாகவாவது ஒரு பணயம், சொந்தத் தெம்பு. ஆபத்தோ தூரதேசமோ தேவையில்லை.

## தெரிந்த ஊரில் தெரியாதது எங்கே இருக்கிறது

"எல்லாம் சரி, நான் பிறந்து வளர்ந்த ஊரில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது?" நியாயமான கேள்வி. இதற்கான பதில் நம் மூளை இடங்களை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதில் இருக்கிறது.

எட்வர்ட் டோல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளைப் புதிர்ப்பாதைகளில் ஓடவிட்டு ஆராய்ந்து, 1948இல் ஒரு கருத்தை முன்வைத்தார். எலி "இங்கே இடது, அங்கே வலது" என்று திருப்பங்களை மட்டும் மனப்பாடம் செய்வதில்லை. அந்த இடத்தின் ஒரு படத்தையே மனசுக்குள் வரைந்துகொள்கிறது. இதற்கு மனவரைபடம் என்று பெயர். 1971இல் ஜான் ஓ'கீஃப், எலியின் மூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிப்பாகும் நரம்பணுக்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த வரிசை ஆராய்ச்சிக்காக அவருக்கும், மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மனவரைபடம் வெறும் பேச்சில்லை, அதற்கு மூளையில் இடம் இருக்கிறது.

இப்போது உங்கள் ஊரின் மனவரைபடத்தை யோசித்துப் பாருங்கள். வீடு, பஸ் ஸ்டாண்டு, ஆபீஸ், மாமியார் வீடு, கோயில், ஆஸ்பத்திரி என்று புள்ளிகள் இருக்கும். புள்ளிகளுக்கு நடுவே? ரோடு ஒன்று இருக்கிறது என்பது தெரியும். அதன் இரண்டு பக்கமும் என்ன என்று கேட்டால் ஒரு பெட்ரோல் பங்கும் ஒரு கல்யாண மண்டபமும் ஞாபகத்துக்கு வரும், அவ்வளவுதான். ஃபோன் சொல்கிற வழியில் திரும்பிக்கொண்டே போகிற பழக்கம் வந்தபிறகு அந்தப் புள்ளிகளைச் சேர்க்கும் கோடுகள்கூட மங்கிவிட்டன.

இதில் வேகத்துக்குப் பெரிய பங்கு. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிற பஸ் ஒரு கிலோமீட்டரை ஒன்றரை நிமிஷத்தில் தாண்டும். நடக்கிறவருக்கு அதே கிலோமீட்டர் 12 முதல் 15 நிமிஷம். பஸ்ஸில் இருப்பவர் கண்ணில் பட்டது, நடப்பவர் கண்ணில் எட்டு, பத்து மடங்கு நேரம் நிற்கிறது. காதிலும் மூக்கிலும் அப்படித்தான். செங்கல் சூளைப் புகையும், நெல் அவிக்கும் வாசமும், மதகில் தண்ணீர் விழும் சத்தமும் பஸ் கண்ணாடிக்கு அந்தப்பக்கமே நின்றுவிடுபவை.

ஆக, நமக்குத் தெரியாத நிலம் தொலைவில் மட்டும் இல்லை. நாம் ஆயிரம் தடவை கடந்துபோன இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அது பரந்து கிடக்கிறது. இங்கிலாந்துக்காரர் அலஸ்டர் ஹம்ஃப்ரீஸ் நாலு வருஷம் சைக்கிளில் உலகத்தைச் சுற்றி வந்தவர். அப்படிப்பட்டவர் 2011 ஜனவரியில் ஒரு நண்பரோடு சேர்ந்து, லண்டனைச் சுற்றிப்போகும் எம்25 நெடுஞ்சாலையை ஒட்டிய வயல்களிலும் ஊர்களிலும் நடந்தே ஒரு முழுச் சுற்று வந்தார். அந்த நெடுஞ்சாலையின் நீளம் 188 கி.மீ. அங்கே யாரும் விரும்பிப் போகாத, டிராஃபிக்குக்குப் பெயர்போன ரோடு அது. உலகம் சுற்றியவருக்கே சொந்த நாட்டு ரிங் ரோட்டைச் சுற்றி நடக்க ஒரு வாரத்துக்கு விஷயம் இருந்தது என்றால் நமக்கு வைகைக் கரையில் இருக்காதா?

## ஏன் இவ்வளவு நீளம் வேண்டும்

மூன்று கி.மீ. நடந்தாலும் பார்க்கலாமே, எதற்கு இருபது? நான் அதிகம் கேட்டிருக்கும் கேள்வி இது. இதற்கு உடம்பைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

மனிதனின் நடை ஒரு அபூர்வமான பொறி. ஒரு காலை ஊன்றியதும் உடம்பு அந்தக் காலின்மேல் ஏறி, உச்சிக்குப் போய், முன்னால் இறங்குகிறது. ஏறும்போது வேகம் உயரமாக மாறுகிறது. இறங்கும்போது உயரம் மறுபடி வேகமாக மாறுகிறது. இதைத் தலைகீழ் ஊசல் என்பார்கள்: கீழே ஊன்றிய புள்ளியில் நின்று மேல்பாகம் ஆடுகிற ஊசல். நிதானமான வேகத்தில் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் தேவைப்படும் இயக்க ஆற்றலில் பாதிக்கு மேல் இப்படியே திரும்பக் கிடைத்துவிடுகிறது. மிக மெதுவாக நடந்தாலும், விறுவிறு என்று ஓட்டமும் நடையுமாகப் போனாலும் இந்தச் சேமிப்பு குறைகிறது. பெரும்பாலோருக்கு மணிக்கு நாலரை, ஐந்து கி.மீ. சுற்றி இருக்கும் அந்த இயல்பான வேகம்தான் மலிவானது. அதை யாரும் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கால் தானாகவே அதைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஓடத் தெரியாதவர்களும் நாளெல்லாம் நடக்க முடிகிறது.

அப்படியானால் அலுப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் மூச்சிலிருந்து வருவதில்லை. பாதம், இடுப்பு, தோள், வெயில், இவற்றிலிருந்து மெல்ல மெல்லச் சேர்கிறது. முதல் ஐந்து கிலோமீட்டர் யாருக்கும் சுலபம். அங்கே முடிவு தெரிந்த கதைதான். பன்னிரண்டு, பதினைந்துக்கு மேல்தான் "போய்ச் சேர்ந்துவிடுவேனா?" என்பது உண்மையான கேள்வியாகிறது. மூன்று கிலோமீட்டரில் அந்தக் கேள்வி பிறக்கவே பிறக்காது. நீளம் வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் மனசு சம்பந்தப்பட்டது. முதல் ஒன்றிரண்டு மணிநேரம் வீடும் ஆபீஸும் கூடவே நடந்துவரும். வரவேண்டிய பணம், பதில் போடாத வாட்ஸ்அப், பிள்ளையின் மார்க். அப்புறம் எப்போது என்று தெரியாமலே அவை பின்தங்கிவிடும். கண் வெளியே திரும்பும். எந்தத் தோட்டத்தில் மோட்டார் ஓடுகிறது, எந்த வரப்பில் கொக்கு நிற்கிறது என்று பார்க்க ஆரம்பிப்போம். இது சீக்கிரம் வருவதில்லை, அதற்குள் வீடு திரும்பிவிட்டால் கிடைப்பதும் இல்லை.

மூன்றாவது, நேரம் பற்றியது. கடந்துபோன ஒரு நாளை நினைவிலிருந்து அளக்கும்போது, அதில் தனித்தனியாக எத்தனை விஷயங்கள் பதிந்திருக்கின்றன என்பதை வைத்தே நீளம் என்றோ குட்டை என்றோ உணர்கிறோம். ஒரே மாதிரி ஓடிய பத்து ஆபீஸ் நாட்கள் நினைவில் ஒட்டிக்கொண்டு ஒரு நாளாகிவிடும். ஊருக்கு ஊர் காட்சி மாறும் ஒரு நெடுநடை நாள் அப்படிச் சுருங்காது. வாரக்கடைசி எங்கே போனதென்றே தெரியவில்லை என்று புலம்புகிறவர்கள் ஒருதடவை இதைச் செய்து பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: வேகம் குறைந்தால் தெரியாத நிலம் திறக்கிறது. தூரம் கூடினால் முடிவு தெரியாத நிலை வருகிறது. இரண்டும் சேரும்போது வீட்டுப் பக்கத்திலேயே சாகசம்.

## ஒரு வழியைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

பேசிக்கொண்டே இருப்பதைவிட ஒரு நிஜ வழியைப் பார்க்கலாம். முதல் தடவை நடக்கிற மதுரைக்காரர்களுக்கு நான் சொல்வது வைகையின் தென்கரை ஓரமாக, மேலக்கால் ரோட்டில் சோழவந்தான் வரை. 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. வழி நெடுக டவுன் பஸ் உண்டு, முடிவில் ரயில் நிலையமும் உண்டு. முடியவில்லை என்றால் கையைக் காட்டி ஏறிவிடலாம். முதல் நடைக்கு இது பெரிய தைரியம்.

விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். மேற்கே போகிற வழி என்பதால் காலை வெயில் முதுகில் விழும், முகத்தில் அடிக்காது. கோச்சடை அய்யனார் கோயிலைத் தாண்டியதும் ஊர் மெல்லக் கழன்றுகொள்ளும். அடுக்குமாடிகள் நின்றுபோய், பிளாட் போட்டு நட்ட கல்லும், அப்புறம் வயலும் வரும். துவரிமான் கண்மாய்க்கரையில் ஒரு அரைமணி நேரம் உட்காரலாம். மார்கழி, தையில் தண்ணீர் இருந்தால் பறவைகள் இருக்கும்.

இங்கிருந்து இடதுபுறம் நாகமலை கூடவே வரும். மதுரையை அழிக்க வந்த பாம்பு மலையாகிவிட்டது என்ற கதையைச் சின்ன வயசிலேயே கேட்டிருப்போம். யானைமலைக்கும் பசுமலைக்கும் அதேபோலக் கதை உண்டு. யானைமலையை ஒத்தக்கடையில் நின்று பார்த்தாலே யானை படுத்திருப்பது தெரிந்துவிடும். நாகமலை அப்படியில்லை. தேனி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது அது ஒரு கரடு, அவ்வளவுதான். அதன் பக்கத்தில் மணிக்கணக்காக நடக்கும்போதுதான் அது முடியவே முடியாமல், ஒரே சீராக, வளைந்து வளைந்து நீண்டுகொண்டே போவது தெரிகிறது. கீழமாத்தூரில் பார்த்தாலும் இருக்கிறது, கொடிமங்கலத்தில் பார்த்தாலும் இருக்கிறது. இதைப் பாம்பு என்று முதலில் சொன்னவர் நிச்சயம் நடந்து போனவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

வலதுபுறம் ஆறு. வைகையில் எப்போதும் தண்ணீர் இருக்காது என்பது தெரிந்ததுதான். மதுரைக்குள் நாம் பார்க்கும் வைகையை வைத்து ஆற்றைப்பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்போம். கொடிமங்கலம் தாண்டினால் அந்த முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். தென்னந்தோப்பு, வாழை, நெல், நடுவே வாய்க்கால் என்று நிலம் ஈரமாகிவிடும். வாய்க்கால் பாலத்தில் நின்று கீழே பார்த்தால், ஓரத்தில் துணி துவைக்கும் கல், அதில் ஒட்டியிருக்கும் சோப்புத்துண்டு, தண்ணீருக்குள் காலைத் தொடவரும் குஞ்சுமீன்கள். இதே பாலத்தைத்தான் பஸ் ஒரு குலுக்கலில் தாண்டிப்போகிறது.

மேலக்கால் வந்ததும் ஆற்றைக் கடந்தால் அக்கரையில் திருவேடகம். ஞானசம்பந்தர் வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து மேலே ஏறி வந்து சேர்ந்த இடம் என்று தலபுராணம் சொல்லும் ஊர். நாமும் மதுரையிலிருந்து ஆற்றுப்போக்குக்கு எதிராகவே வந்திருக்கிறோம். அந்தக் கதையின் தூரம் எவ்வளவு என்பது இப்போது காலுக்குத் தெரியும். தெற்குக் கரையிலேயே போகிறவர்களுக்குத் தென்கரை என்ற ஊரில் மூலநாதர் கோயில் இருக்கிறது. அங்கிருந்து பாலத்தைத் தாண்டினால் சோழவந்தான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலை விளைகிற கொடிக்கால்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன. அகத்திச் செடியில் கொடி ஏறி நிற்கும் கொடிக்காலுக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே தனிக் குளிர்ச்சி. தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், கையில் நாலு வெற்றிலையும் கொடுப்பார்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட ஒரு பழைய விதி உண்டு. வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892இல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணிநேரம், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணிநேரம். அது குளிர் நாட்டுக் கணக்கு. நம் ஊரில், முதல் நடைக்கு, மணிக்கு 4 கி.மீ. என்று வைத்துக்கொண்டு, டீ, இட்லி, நிழல் என்று ஒன்றரை மணிநேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குச் சோழவந்தான்.

## வெயில், கால், நாய், வண்டி

நம் ஊர் நெடுநடையில் உண்மையான எதிரி வெயில். உடம்பு தன் சூட்டை வியர்வையை ஆவியாக்கித்தான் வெளியேற்றுகிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழியும்; சூடு உள்ளேயே தங்கும். தலைசுற்றல், குமட்டல், அளவுகடந்த சோர்வு வந்தால் அது வெப்பத் தளர்ச்சி. உடனே நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, முகம் கழுத்தெல்லாம் நனைத்துக்கொண்டு, அன்றைய நடையை அங்கேயே முடித்துவிட வேண்டும். அதைப் பொருட்படுத்தாமல் நடந்தால் உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாறும். அது ஹீட் ஸ்ட்ரோக், உயிருக்கு ஆபத்து. 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை உடம்பை ஈரமாக்கி விசிறிக்கொண்டே இருங்கள். பங்குனி முதல் ஆவணி வரை நெடுநடை வேண்டாம் என்பேன். மார்கழி, தை, மாசிதான் அதற்கான மாதங்கள்.

தண்ணீரோடு உப்பும் வேண்டும். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து அதுவே மயக்கத்தில் கொண்டுபோய் விடும். உப்புப் போட்ட மோர், ஓ.ஆர்.எஸ்., ஒரு கைப்பிடி வேர்க்கடலை போதும். கடைக்காரரிடம் "உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போடுங்கண்ணே" என்று சொன்னால் அவரே "எங்கேருந்து வர்றீங்க?" என்று கேட்பார். வழியில் நல்ல பேச்சுகள் பல இந்தக் கேள்வியில்தான் தொடங்கும்.

கொப்புளம் எப்படி வருகிறதென்று தெரிந்தால் தவிர்ப்பது சுலபம். அடி வைக்கும்போது மேல்தோல் செருப்போடோ சாக்ஸோடோ ஒட்டி நிற்கிறது, உள்ளே எலும்பு நகர்கிறது. நடுவிலுள்ள தோல் அடுக்குகள் ஒன்றோடொன்று இழுபட்டுப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. ஈரக்கால் இந்த இழுபடலைக் கூட்டும். குதிகாலிலோ விரல் ஓரத்திலோ "சுருக்" என்று ஒரு சூடு தெரிந்த கணமே நிற்க வேண்டும். காலைத் துடைத்து, பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போகலாம். அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் அடுத்த ஊரில் கொப்புளம்தான் இருக்கும். புது ஷூ வேண்டாம். பழகின செருப்பு ஆயிரம் மடங்கு மேல்.

ரோட்டில் வலதுபக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். நாய்கள் குரைத்தால் ஓடாதீர்கள், நின்று, கண்ணை நேருக்கு நேர் பார்க்காமல் மெல்ல விலகுங்கள். கடித்துவிட்டால் சின்னக் கீறலாக இருந்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பெண்களைப் பொறுத்தவரை இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆணுக்கு "ஏன் நடக்கிறாய்?" என்று ஒரு கேள்விதான், பெண்ணுக்கு அதோடு வெறித்த பார்வையும், பக்கத்தில் மெதுவாகும் பைக்கும், கழிப்பறை இல்லாத பதினைந்து கிலோமீட்டரும் சேர்ந்துகொள்கின்றன. இதையெல்லாம் அவர்கள் சகித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மூன்று பேராகப் போவது, பெட்ரோல் பங்குகளையும் கோயில்களையும் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவைப்பது, வீட்டில் ஒருவரோடு இருக்குமிடத்தை ஃபோனில் பகிர்ந்துகொள்வது கொஞ்சம் உதவும். பாதயாத்திரைக் கூட்டத்தில் பெண்கள் நள்ளிரவிலும் நடக்கிறார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ரோடு அவர்களுடையது என்று அன்றைக்கு மட்டும் ஊர் ஒத்துக்கொள்கிறது. மற்ற நாட்களிலும் ஒத்துக்கொள்ள வைக்க, நடக்கிற பெண்கள் அதிகமாவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

## விட்ட இடத்திலிருந்து

ஒரு நாளில் முடிவது நல்லதுதான், ஆனால் முடியாமலும் போகலாம். அதற்கென்று ஒரு முறை உண்டு: தொடர்நடை. நீண்ட ஒரு வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து, இன்று நிறுத்திய அதே இடத்துக்கு அடுத்த தடவை பஸ்ஸில் வந்து அங்கிருந்து தொடர்வது. ஒரே கோடு, நடுவே எத்தனை வாரங்கள் வேண்டுமானாலும் இடைவெளி. லீவு கிடைக்காதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை.

வைகை இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது. வருசநாட்டு மலைகளில் பிறந்து ராமநாதபுரம் வரை 258 கி.மீ. ஓடும் ஆறு. மதுரை நடுவில் இருக்கிறது. மேலே போகிறவர்கள் சோழவந்தானிலிருந்து அணைப்பட்டி, அங்கே பேரணை, அப்புறம் 1959இல் திறந்த வைகை அணை என்று ஏறலாம். பேரணையில் பிரிகிற பெரியாறு கால்வாய்த் தண்ணீர், 1895இல் முல்லைப் பெரியாறு அணை திறந்ததிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வருகிற தண்ணீர். அந்தக் கால்வாய்க்கரையைப் பிடித்து மேலூர்ப் பக்கம் போவது தனி வழி. கீழே போகிறவர்களுக்கு முதல் துண்டு மதுரையிலிருந்து கீழடி; 15 கி.மீ.க்குள்தான் இருக்கும். அருங்காட்சியகத்தை நின்று நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும்படி சீக்கிரம் கிளம்ப வேண்டும். அடுத்த துண்டில் திருப்புவனம் தாண்டி, அதற்கடுத்து மானாமதுரை.

மதுரைக்காரராக இல்லாவிட்டாலும் வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை இதேதான். உங்கள் ஊரில் ஒரு ஆறோ, வாய்க்காலோ, பழைய ரயில் பாதையோரமோ, கண்மாய்களைக் கோக்கும் கரையோ கட்டாயம் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு போனால் வழி கேட்கத் தேவை குறைவு, தண்ணீர் பக்கத்தில் இருக்கும், ஊர்களும் அடுத்தடுத்து வரும். அதன் இரண்டு முனைகளில் பஸ் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, முதல் பஸ் கிளம்பும் நேரத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். போகும்போது பஸ், வரும்போது நடை என்று மாற்றிச் செய்தால் இன்னும் நல்லது. கடைசி சில கிலோமீட்டரில், கால் அலுத்துப்போன நேரத்தில், பழகின முகங்களும் தெரிந்த டீக்கடையும் ஒவ்வொன்றாக வர ஆரம்பிக்கும்.